தொப்பைக்கு ஷிப்ட் கிடையாது

எனக்குத் தொப்பை விழுந்தபோது அதை நான் மறைக்கவில்லை. இறுக்கமான பனியனைப் போட்டுக்கொண்டு மொட்டைமாடியில் நின்று தங்கைக்கு வீடியோ கால் போட்டேன். செய்யாறு பக்கம் வாழ்க்கைப்பட்டிருக்கும் அவள், போனை மாமியார் பக்கம் திருப்பி, "பாருங்க அத்தை, எங்கண்ணன் தொப்ப போட்டுடுச்சி!" என்று கத்தினாள். அவள் சந்தோஷம் எனக்குப் புரிந்தது. அதுவரைக்கும் நான் ஊருக்குப் போனபோதெல்லாம் அவள் என் விலா எலும்பைத்தான் பார்த்துப் பெருமூச்சு விட்டிருக்கிறாள்.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். போர்வெல் லாரியில் ஆந்திரா, கர்நாடகா என்று சுற்றினேன். திருப்பூரில் சாயப்பட்டறை, ஓசூரில் ஹோட்டல், நடுவில் சரக்கு லாரியில் கிளீனர். வேலை கிடைக்காமல் ஊர் மாறியதில்லை. வெட்கப்பட்டு மாறினேன். ஓசூர் ஹோட்டலில் ஒரு நாள் சாம்பார் வாளியோடு வழுக்கி விழுந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். கை கழுவக்கூட நிற்காமல் பையை எடுத்துக்கொண்டு, முதலில் வந்த லாரியில் ஏறிவிட்டேன். யாராவது ஒருவர் என்னைக் கேவலமாகப் பார்த்துவிட்டால் அவர் முகத்தை மறுநாள் பார்க்க என்னால் ஆகாது. அது ஒரு வியாதி போல என்னிடம் இருந்தது.

ஒரகடத்தில் மட்டும் கொஞ்சம் நிலைத்தேன். காரணம் கேன்டீன். ஃபோர்ஜிங் ஷாப்பில் கான்ட்ராக்ட் வேலை. இரும்பைச் சிவக்கக் காய்ச்சி, அச்சில் வைத்து, பிரஸ்ஸால் அடித்து வண்டிகளுக்கான பாகம் செய்வார்கள். சூடான துண்டை இடுக்கியால் நகர்த்துவது என் வேலை. சோறு எத்தனை முறை கேட்டாலும் போடுவார்கள். பசியோடு பல ஊர் பார்த்தவனுக்கு அது போதும். ஷிப்ட் முடிந்து வந்தால் தூக்கம், எழுந்தால் பரோட்டா, மறுபடி கேன்டீன். தொப்பை வந்தது. இந்த ஆள் ஒரு இடத்தில் தங்கிவிட்டான் என்பதற்கு அதுதான் அத்தாட்சி என்று நினைத்தேன்.

மாத்தூர் பக்கம் ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு அறை. கம்பெனிகளுக்கு நிலத்தைக் கொடுத்த பணத்தில் வீட்டுக்கார அம்மா வரிசையாக அறைகள் கட்டி, கீழே தான் குடியிருந்தார். மாடிக்கு எல்லோருக்கும் சேர்த்து ஒரே பாத்ரூம். என்னோடு அறையில் இருந்தவன் தென்காசிக்காரன். என்னைவிட இளையவன், ஒல்லி, அதே ஷாப்பில் வேலை. என்னை அண்ணே என்பான்.

கோடையில் எங்கள் ஷாப்பில் ஆளாளுக்குக் குளுக்கோஸ் பொட்டலம் கொடுப்பார்கள். வெக்கையில் மயங்கி விழாமல் இருக்க. லைனிலேயே குடிக்கச் சொல்லித்தான் கொடுப்பார்கள், ஆனால் யாரும் எல்லாவற்றையும் குடிப்பதில்லை. பாதி பாக்கெட்டில் போட்டு அறைக்கு வரும். எங்கள் அறையில் சர்க்கரை வாங்கியதே கிடையாது. டீக்குக் குளுக்கோஸ், வந்தவனுக்கு உபசாரம் குளுக்கோஸ் தண்ணீர். மிச்சம் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் நிரம்பிக் கிடந்தது.

கொரோனா இரண்டாவது சுற்று வந்து கடைகளெல்லாம் மூடிக் கிடந்த சமயம். கம்பெனி பஸ் மட்டும் ஓடியது. பஸ் படியில் ஒருவர் நின்று நெற்றியில் துப்பாக்கி மாதிரி ஒன்றைக் காட்டுவார். அன்று என் நெற்றியில் காட்டிவிட்டு, இன்னொரு முறை காட்டினார்.

"எறங்குபா."

"வெயில்ல நின்னேன் சார், அதான்."

"வெயில்ல எல்லாந்தான் நின்னாங்கோ. எறங்கு, வண்டி போவணும்."

ஜன்னலோரம் இருந்தவர்கள் மாஸ்க்கை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்கள். கூடத் தங்குகிறவன் என்று தென்காசிக்காரனையும் இறக்கிவிட்டார்கள். வழியெல்லாம் அவன் முகத்தைப் பார்க்காமல் நடந்தேன்.

அவனுக்கு வந்தது லேசான இருமல், போய்விட்டது. எனக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. அவன் கஞ்சி வைத்தான், மாத்திரை வாங்கி வந்தான். பக்கத்தில் உட்கார்ந்து குளுக்கோஸ் கலக்கிக் கலக்கிக் கொடுத்தான்.

"குடிங்கண்ணே. காய்ச்சக்காரனுக்குத் தெம்பு வேணும்லா."

குடித்தேன். தாகம் அடங்கவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. குடித்த கொஞ்ச நேரத்தில் பாத்ரூமுக்கு ஓட வேண்டியிருந்தது. திரும்பி வந்தால் மறுபடி தாகம்.

"குடிச்சது உடம்புல நிக்க மாட்டேங்குதுடா" என்றேன்.

அவன் யோசித்தான். "அப்ப இன்னும் ரெண்டு பொட்டலம் சேத்துப் போடுதேன். கெட்டியா இருந்தா நிக்கும்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இரண்டு பேருமாகச் சேர்ந்து, எரிந்துகொண்டிருந்த என் உடம்புக்குள் கெட்டியாக ஊற்றிக்கொண்டிருந்தோம்.

பாத்ரூமில் எறும்பு வந்தது. கீழிருந்து வீட்டுக்கார அம்மா தண்ணீர்த் தொட்டி பார்க்க மேலே வந்தவர் பாத்ரூம் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யார்ரா அது, பாத்ரூம்ல சர்பத் கட போட்டது? எறும்பு இங்கியே குடித்தனம் வந்துடும் போலகீது!"

நான் படுத்திருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. தென்காசிக்காரன் எழுந்து போய், "குளுக்கோஸ் கொட்டிட்டும்மா. கழுவிடுதேன்" என்றான்.

"உங்கூர்ல குளுக்கோஸ கக்கூஸ்லதான் வச்சி கலக்குவீங்களா?"

மற்ற அறைகளில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவனும் சிரித்தான். பிறகு பினாயில் ஊற்றி, துடைப்பத்தால் தேய்த்துக் கழுவும் சத்தம் வந்தது. அவன் பாத்ரூமில் எதையும் கொட்டவில்லை என்பது எனக்குத் தெரியும். கொட்டியதாகச் சொல்லிவிட்டு அவன் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் கண்ணை மூடிக்கொண்டு, தூங்குகிறவனைப் போல மூச்சு விட்டேன்.

அதற்கப்புறம்தான் பாயிலேயே போக ஆரம்பித்தது. எழுந்து உட்காருவதற்குள் நனைந்துவிடும். வளர்ந்த ஆண், தொப்பையும் மீசையுமாக, பாயில். அவன் என்ன ஈரம் என்று கேட்டபோது வேர்வை என்றேன். எங்கள் ஷாப்பில் வேலை செய்கிறவனிடம் வேர்வை என்று சொன்னால் நம்புவான். அவனும் தலையாட்டிவிட்டு, தன் போர்வையை எனக்குப் போட்டான். அதுவும் நனைந்தது.

ஒரு பகல் வேளை, பாயை வெயிலில் காயப்போடுகிறேன் என்று என்னைச் சுவர் ஓரமாக நகர்த்திவிட்டு அதைத் தூக்கினான். தூக்கியவன் அப்படியே நின்றான். கதவிடுக்கிலிருந்து ஒரு கறுப்புக் கோடு தரையில் வளைந்து வந்து பாய் இருந்த இடத்தில் குவிந்திருந்தது.

"அண்ணே" என்றான் மெதுவாக. "இது வேர்வ இல்லண்ணே."

நான் சுவரைப் பார்த்தேன்.

"எங்கப்பாவுக்கு சுகர். அவுக வெளிய ஒண்ணுக்கு இருந்துட்டு வந்தா அந்த எடத்துல இப்படித்தான் எறும்பு மொய்க்கும். வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"போடா" என்றேன். "எனக்கு என்ன சுகர்? உழைக்கிறவனுக்கு ஏது சுகர்? உன் வேலையப் பாரு."

அவன் ஆட்டோ கிடைக்குமா என்று பார்க்கக் கீழே இறங்கினான். அவன் தலை மறைந்ததும் நான் சுவரைப் பிடித்து எழுந்தேன். ஆணியில் தொங்கிய பையை எடுத்தேன். எங்கே போவது என்றெல்லாம் யோசிக்கவில்லை. காய்ச்சலிலும் ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது: அவன் திரும்பி வரும்போது நான் இங்கே இருக்கக் கூடாது. வராந்தாவைத் தாண்டினேன். படிக்கட்டின் முதல் படியில் கால் வைத்ததும் முட்டி மடங்கியது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தேன். எழ முடியவில்லை. மூச்சு மேல்மேலாக வாங்கியது. நான் விட்ட மூச்சில் அழுகிய பழ வாசனை வந்தது.

அறைக்காரர்கள் ஓடி வந்தார்கள். படி குறுகலானது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்கார வைத்துத் தூக்கினார்கள். ஆளுக்கொரு கால். முதல் தூக்கிலேயே நாற்காலி வளைந்தது.

"யப்பா! இன்னா வெயிட்டுடா! ஃபோர்க்லிஃப்ட் கொண்டாங்கடா."

"கேன்டீன்காரன் மொத்த சோத்தையும் இவுரு வவுத்துலதான் ஸ்டாக் வச்சிகீறான்."

"வாய மூடிகினு தூக்கு மச்சான், மூச்சு வுட முடில."

பனியன் மேலே ஏறி, தொப்பை வெளியே கிடந்து ஆடியது. இழுத்து மூடக் கையைத் தூக்க முடியவில்லை. லுங்கி நனைந்து, நாற்காலி ஓட்டை வழியாகப் படியில் சொட்டியது. பின்னால் பிடித்திருந்தவன், "தண்ணி சிந்துது, பாத்து கால் வை" என்றான். அது என்ன தண்ணி என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கரிசனம் எனக்குத் தாங்கவில்லை, கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கீழே வீட்டுக்கார அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கி நின்றார். என் பார்வையும் அவர் பார்வையும் சந்தித்தன. இந்த ஊர் முடிந்தது என்று நினைத்தேன்.

தென்காசிக்காரன் பிடித்து வந்த ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே விரலைக் குத்திச் சின்ன மிஷினில் வைத்தார்கள். எண் வரவில்லை. வேறு மிஷினில் வைத்தார்கள், அதிலும் வரவில்லை. மிஷின் காட்டக்கூடிய அளவைத் தாண்டிவிட்டது என்று நர்ஸ் சொன்னார். முழு உடம்பையும் மூடிய உடையில் ஒரு டாக்டர் அம்மா வந்தார். கண் மட்டும் தெரிந்தது, சின்ன வயதுதான்.

"உங்களுக்கு சுகர் இருக்கா?"

"இல்ல மேடம்."

"எப்பவாவது டெஸ்ட் பண்ணிப் பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"காய்ச்சல்ல என்ன சாப்பிட்டீங்க?"

சொன்னேன். அவர், "சரி, இனிமே அது வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார். ஆக்சிஜன் வைத்தார்கள், கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். முதலில் நடந்தது பாதி எனக்கு நினைவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ஒரு விடியலில் இல்லை என்பது நினைவிருக்கிறது.

பேச்சு வந்தபிறகு டாக்டரிடம் கேட்டேன்.

"குளுக்கோஸ் குடிச்சதாலதான் சுகர் வந்துச்சா மேடம்?"

"அதனால மட்டும் இல்ல. ஏற்கெனவே ஏறிட்டிருந்ததுக்கு மேல நீங்களும் ஊத்தியிருக்கீங்க. சுகரே இல்லாதவங்களுக்குக்கூட இந்த வைரஸ் வந்தப்போ ஏறுறதப் பாக்கறோம். இங்க குடுக்கற ஸ்டீராய்டு மருந்தும் கொஞ்சம் ஏத்தும்." பிறகு என் வயிற்றைக் காட்டினார். "இதுக்கும் பங்கு இருக்கு."

நான் போர்வையை மேலே இழுத்தேன்.

"வெக்கப்படாதீங்க, சொல்றதக் கேளுங்க. கொழுப்புன்னா சும்மா தொங்கற மூட்டைன்னு நெனைக்கறோம். அது வேலை செய்யுதுங்க. அதுக்கு ஷிப்டே கிடையாது. இருபத்துநாலு மணி நேரமும் ரத்தத்துல ஹார்மோன் விட்டுக்கிட்டே இருக்கும். அதுல அடிப்போனெக்டின்னு ஒண்ணு. இன்சுலின் சொல்றத உடம்பு கேக்கணும்னா அது வேணும். தொப்பை பெருக்கப் பெருக்க அது கொறையும். கொரோனா வந்தவங்களுக்கு இன்னும் கொறையறதா ஆராய்ச்சியில பாக்கறாங்க. முழுசா யாருக்கும் இன்னும் தெரியல."

அந்தப் பெயரை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். படுத்தபடி எனக்குத் தெரிந்த மாதிரி அதைப் புரிந்துகொள்ளப் பார்த்தேன். கம்பெனி கேட்டில் பாஸ் வராத நாளில் கான்ட்ராக்ட் ஆட்கள் எல்லோரும் வெளியே நிற்போம். உள்ளே லைன் ஆள் இல்லாமல் நிற்கும், வெளியே கூட்டம் நெரியும். என் சர்க்கரை அப்படித்தான் ரத்தத்தில் நின்றிருக்கிறது. உள்ளே உடம்பு பசியில் கிடக்க, நான் வெளியே இன்னும் இன்னும் ஆள் அனுப்பியிருக்கிறேன். புரிந்தது. புரிந்ததால் வெட்கம் குறையவில்லை. தங்கைக்கு வீடியோவில் காட்டிய தொப்பையை நினைத்தேன். எனக்குத் தெரியாமல் அது உள்ளே அத்தனை காலமும் எனக்கு எதிராக வேலை பார்த்திருக்கிறது. நானோ அதைத் தடவிக் கொடுத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

இன்சுலின் ஊசியும் வயிற்றில்தான் போட வேண்டும். நர்ஸ், "புடிங்கண்ணா, நல்லா சேத்துப் புடிங்க" என்பார். வார்டு பார்க்க, தொப்பையை நானே கையால் கூட்டிப் பிடித்துக் காட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் கூரையைப் பார்த்துக்கொள்வேன். பிறகு நானே குத்திக்கொள்ளக் கற்றுக் கொடுத்தார். கொஞ்ச காலத்துக்குப் பிறகு மாத்திரைக்கு மாறலாம், ஒழுங்காக வந்து ரத்தம் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும், நடுவில் விட்டால் இந்தத் தடவை மாதிரி பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னார்.

அனுப்பும்போது மருந்து பாட்டிலை ஐஸ் கட்டியோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். "ஃபிரிட்ஜ் கதவுல வைங்க. ஃப்ரீசர்ல வைக்காதீங்க. இந்த வெயில்ல வெளிய வச்சா வேலைக்கு ஆகாது."

பெங்களூர் ரோட்டில் வந்து நின்றேன். மாத்தூர் பக்கம் போக வண்டி இல்லை. ஒரு சரக்கு லாரி மெதுவாகி நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

"ஓசூர் போறேன். கிளீனர் இல்ல, தனியாதான் போறேன். ஏர்றியா?"

இத்தனை வருஷமாக என்னை ஒவ்வொரு ஊரிலிருந்தும் காப்பாற்றிய வார்த்தை அதுதான். ஏறினால் நாற்காலி தூக்கியவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. வீட்டுக்கார அம்மா முகத்தையும், தென்காசிக்காரன் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அறையில் எனக்கென்று இருந்தது இரண்டு சட்டையும் ஒரு கைலியும்தான். லாரிப் படியில் கையை வைத்தேன். மறு கையில் பை. ஐஸ் பாதி உருகி, பையின் மூலையில் தண்ணீர் தொங்கியது. ஓசூரில் எனக்கு யாரைத் தெரியும்? யார் வீட்டுக் கதவைத் தட்டி ஃபிரிட்ஜைத் திறக்கச் சொல்வேன்? யோசித்துப் பார்த்தால் இந்த நாடு முழுக்க எனக்குத் தெரிந்த ஃபிரிட்ஜ் ஒன்றுதான் இருந்தது. அது மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற அம்மாவின் வீட்டில் இருந்தது.

"இன்னாபா, ஏறப்போறியா இல்லியா?"

"இல்லண்ணே, நீங்க போங்க."

துணிச்சல் வந்து சொல்லவில்லை. ஐஸ் உருகிக்கொண்டிருந்தது, அதனால் சொன்னேன். ஒரு பால் வண்டியிலும், பிறகு நடந்தும் போய்ச் சேர்ந்தேன்.

வீட்டுக்கார அம்மா வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முந்தானையைத் தேடியது கை.

"அங்கியே நில்லு. நல்லாயிடுச்சா? சீட்டு குடுத்தாங்களா?"

"குடுத்தாங்கம்மா. இந்த மருந்த உங்க ஃபிரிட்ஜ்ல வைக்கணும்."

"இன்னா மருந்து? கொரோனா மருந்தா? என் வூட்டுக்குள்ளயா?"

"சுகர் ஊசிம்மா."

அவர் என் வயிற்றைப் பார்த்தார். பிறகு மாடியைப் பார்த்தார். பிறகு முகம் மாறியது.

"அப்ப அந்த பாத்ரூம் எறும்பு?"

தண்ணீர் பிடிக்க வந்த இரண்டு பெண்கள் குடத்தோடு நின்றார்கள். உள்ளங்கால் தரையை விட்டுக் கிளம்பத் துடித்தது.

"அது என்னுதும்மா."

"அடப்பாவி. அந்தப் புள்ள தேச்சி தேச்சி கழுவிகினு இருந்தான். நானு அவனத்தான் வாய்க்கு வந்தபடி பேசிகினு இருந்தேன்." கையை உதறினார். "வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா? எங்க வூட்டுக்காரருக்கு இருந்துச்சி இந்தக் கருமாந்தரம். குடு இங்க. முட்ட வக்கிற எடத்துல வைக்கிறேன்."

பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். குடம் வைத்திருந்த பெண்கள் என்னைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள்.

மறுநாள் காலை போய்க் கதவைத் தட்டினேன். அவர் பாட்டிலைக் கொண்டு வந்து கொடுத்தபடி தெருவுக்கே கேட்கும்படி, "ஊசிக்காரு வந்துகீறாரு, வழி வுடுங்க" என்றார். படியேறும்போது காது சுட்டது. அறையில் தென்காசிக்காரன் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் சுவர்ப் பக்கம் திரும்பிச் சட்டையைத் தூக்கினேன்.

"இந்தப் பக்கம் திரும்புங்கண்ணே. வெளிச்சத்துல பாத்துக் குத்துங்க."

திரும்பினேன். தொப்பையைக் கூட்டிப் பிடித்தேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். குத்தினேன். வலிக்கவில்லை, முகம்தான் எரிந்தது. பாட்டிலைத் திரும்பக் கீழே கொடுத்துவிட்டு வந்தேன். சாயந்திரமும் ஒரு ஊசி உண்டு. அதற்காக மறுபடி கீழே போய், மறுபடி அந்தக் கதவைத் தட்டினேன்.